ரேடியோஹெட்: ஆல்பத்துக்கு வெளியே நிக்கிற பாட்டெல்லாம் யார் கணக்குல?

பிசைடு_பித்தன்:
இங்கிலாந்து ராக் குழு ரேடியோஹெட்டோட ஆல்பத்துல வராத பாட்டுகளை மட்டும் பொறுக்கி, ஆல்பம்வாரியா பிளேலிஸ்ட் போட்டுட்டு இருக்கேன். விதி ஒண்ணே ஒண்ணு: எப்ப வெளியாச்சோ அந்தக் காலம். 'டாக் ஷோ ஹோஸ்ட்' 1996 ஜனவரியில 'ஸ்ட்ரீட் ஸ்பிரிட்' சிங்கிளோட பி-சைடு, அதாவது தனியா விட்ட பாட்டுக்குத் துணையா வந்த பாட்டு. அதனால 1995 ஆல்பம் 'தி பெண்ட்ஸ்' காலம். 'லிஃப்ட்', 'ஐ பிராமிஸ்', 'மேன் ஆஃப் வார்' மூணும் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தோட இருபதாம் வருஷ மறுவெளியீடான 2017 'ஓகேநாட்ஓகே' தொகுப்புலதான் வெளியே வந்தது. ஆக, 2016 ஆல்பம் 'எ மூன் ஷேப்டு பூல்'க்குப் பின்னாடி. ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க.

டேப்சத்தம்:
இருக்கு. 'லிஃப்ட்' 1996லயே பாடகி அலானிஸ் மோரிசெட் கச்சேரிகளுக்கு முன்னாடி மேடையேறி அமெரிக்காவுல வாசிச்ச பாட்டு. இருபது வருஷம் பெட்டியில கிடந்த குத்தத்துக்கு அதை 2016 ஆல்பத்து 'பர்ன் த விட்ச்' பக்கத்துல உட்கார வைப்பீங்களா? எப்ப பதிவாச்சோ அதான் காலம்.

இன்னொண்ணு. உங்க விதிப்படி 2000ல வந்த 'கிட் ஏ' ஆல்பத்துக் காலத்துக்கு ஒரு பாட்டுகூட மிஞ்சாது. அதுல இருந்து அவங்க சிங்கிளே விடலை. சிங்கிள் இல்லாம பி-சைடு எங்கிருந்து வரும்? 'கைனெடிக்', 'ஃபாஸ்ட் ட்ராக்', 'ஃபாக்', 'கட்டூத்' எல்லாம் 2001ல 'பிரமிட் சாங்', 'நைவ்ஸ் அவுட்' சிங்கிள்ல வந்ததால மொத்தமா அடுத்த ஆல்பம் 'அம்னீசியாக்' தலையில விழும். ரெண்டு ஆல்பமும் பாரிஸ், கோபன்ஹேகன், ஆக்ஸ்ஃபோர்டுன்னு அலைஞ்சு பண்ணின ஒரே வேலை.

பிசைடு_பித்தன்:
2021ல அவங்களே ரெண்டையும் 'கிட் ஏ அம்னீசியா'ன்னு ஒண்ணாக்கிட்டாங்க. அந்தப் பேரையே வெச்சுக்கறேன், பிரச்சினை தீர்ந்தது. உங்க விதிக்கு வாங்க. 'லக்கி' 1995 செப்டம்பர்ல, போஸ்னியா போர்ல தவிச்ச குழந்தைகளுக்காக வந்த 'ஹெல்ப்' தொகுப்புக்கு ஒரே நாள்ல பதிவான பாட்டு. 'தி பெண்ட்ஸ்' வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. அதே பதிவுதான் 1997ல 'ஓகே கம்ப்யூட்டர்'ல இருக்கு. அப்ப 'லக்கி' பெண்ட்ஸ் பாட்டா? வெளியில சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாங்க.

கோடாங்கி:
ரெண்டு பேரும் காலண்டரைக் கட்டிக்கிட்டு அழறீங்க. காது எதுக்கு இருக்கு? 'டாக் ஷோ ஹோஸ்ட்' டிரம்ஸைக் கேளுங்க. கிடார் ரெண்டு சொல் சொல்லிட்டு ஒதுங்கிக்குது, பாட்டு பூரா காலி இடம். 'தி பெண்ட்ஸ்'ல அப்படி எதைக் காட்டுவீங்க? அது ஓகே கம்ப்யூட்டரோட வாசல்ல நிக்கிற பாட்டு. 'லக்கி'யும் அப்படித்தான். சத்தம் எதோட ஒட்டுதோ அங்க போகட்டும்.

டேப்சத்தம்:
சத்தம்னா ஆளுக்கொரு பட்டியல் வரும், தல. 'ஹவ் ஐ மேட் மை மில்லியன்ஸ்' எங்க வைப்பீங்க? 1998ல 'நோ சர்ப்ரைசஸ்' பி-சைடு. பாடகர் தாம் யார்க் வீட்டுல தனியா பியானோவுல பாடின டெமோ, பின்னாடி அடுக்களையில யாரோ புழங்கற சத்தம். காதை மட்டும் நம்பினா மூன் ஷேப்டு பூல்னு சத்தியம் பண்ணுவீங்க.

கோடாங்கி:
பண்ணுவேன். அதுல என்ன?

ஓரமா_ஒருத்தன்:
'ட்ரூ லவ் வெயிட்ஸ்' பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலையே! 1995 டிசம்பர்ல பிரஸ்ஸல்ஸ்ல முதல்ல பாடினாங்க. 2001 லைவ் தொகுப்புல வெறும் கிடார். ஸ்டூடியோ வடிவம் 2016ல, பியானோவுல. நடுவுல அதை வெச்சு மல்லுக்கட்டினதோட மிச்சம்தான் அம்னீசியாக்ல 'பல்க்/புல்'. 2021 தொகுப்புல 'ட்ரூ லவ் வெயிட்ஸ் வெர்ஷன்'னு பேர் போட்டே அதைக் கொடுத்துட்டாங்க. இவ்வளவு வருஷம் கழிச்சு, கடைசி ஆல்பத்துல கடைசிப் பாட்டா வெச்சதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

டேப்சத்தம்:
வெச்சதில்லைங்க, விழுந்தது. அந்த ஆல்பமே அகரவரிசை. இங்கிலீஷ் எழுத்துப்படி 'பர்ன்' முதல்ல, 'ட்ரூ' கடைசியில.

ஓரமா_ஒருத்தன்:
அகரவரிசையே போதும்னு முடிவு பண்ணது யாரு? கடைசியில வேற ஏதாவது சப்பைப் பாட்டு வந்திருந்தா வரிசையை மாத்தியிருப்பாங்க.

பிசைடு_பித்தன்:
இது ஜோசியம். 'ட்ரூ லவ்' ஆல்பத்துல வந்தாச்சு, என் பட்டியல்லயே கிடையாது.

டேப்சத்தம்:
சரி, 'லிஃப்ட்'டுக்கே வர்றேன். அதை வெளியே விட்டிருந்தா பெரிய ஹிட் ஆகி தங்களை வேற பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கும், உள்ளுக்குள்ள அந்தப் பயத்துலயே கொன்னுட்டோம்ங்கற மாதிரி குழுவோட கிடாரிஸ்ட் எட் ஓ'பிரையன் 2017ல பேசினாரு. அப்ப அதை ஒதுக்கி வெச்சதே ஓகே கம்ப்யூட்டர் எடுத்த முடிவு. அந்த ஆல்பம் அந்த மாதிரி இருக்கறதுக்கு 'லிஃப்ட்' இல்லாததும் ஒரு காரணம். அதைக் கொண்டுபோய் 2017ல போட்டா அந்தக் கதையே காணாமப் போயிடும்.

பிசைடு_பித்தன்:
நல்ல வாதம்தான், ஆனா 1997ல ஆல்பம் வாங்கினவனுக்கு 'லிஃப்ட்'னு ஒரு பாட்டே கிடையாது. நீங்க வாசிச்சவன் பக்கம் நின்னு பேசறீங்க. என் பட்டியல் கேட்டவனுக்கு.

டேப்சத்தம்:
1996 பிங்க்பாப் இசை விழாவுல 'லிஃப்ட்' வாசிச்ச பதிவை வருஷக்கணக்கா தேய்ச்சுக் கேட்டவன் எல்லாம் யாராம்?

கோடாங்கி:
'லிஃப்ட்'டை விடுங்கப்பா. 2009ல 'தீஸ் ஆர் மை ட்விஸ்டெட் வேர்ட்ஸ்' வந்ததே, பக்கத்துல எந்த ஆல்பமும் கிடையாது. 'இன் ரெயின்போஸ்' 2007, 'த கிங் ஆஃப் லிம்ஸ்' 2011. நான் லிம்ஸ்னு சொல்றேன். அந்த டிரம்ஸ் கேளுங்க.

பிசைடு_பித்தன்:
நடுவுல, தனியா.

டேப்சத்தம்:
'ஆல்பம்வாரியா'ன்னுதானே ஆரம்பிச்சீங்க?