போர் தண்ணியில் மாங்கனீசு 0.64. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கலாமா?

ஏரிக்கரை_வீடு:
வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம். புது வீட்டுக்கு 210 அடியில் போர் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. தண்ணீர் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வாடையும் கிடையாது. ஆனால் ஆறே மாசத்தில் ஃப்ளஷ் டேங்க் உள்பக்கம் கரி பூசினாற்போல் ஆகிவிட்டது. விரலால் தடவினால் மை மாதிரி ஒட்டுகிறது.

போன வாரம் மாடி டேங்கைக் கழுவி, மாமனார் சொன்னாரென்று பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் கடுங்காப்பி! பயந்துபோய் லேப்பில் கொடுத்தேன். டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம்) 780, கடினத்தன்மை 340, இரும்பு 0.22, நைட்ரேட் 8, மாங்கனீசு 0.64 (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்). கடைசி வரிக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்கள்.

மனைவிக்குப் பால் போதவில்லை, இரண்டு மாசப் பையனுக்குப் பால்பவுடர்தான். யு.வி. பியூரிஃபையரில் பிடித்து, பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கரைக்கிறோம். இது போதுமா? சாஃப்ட்னர் (கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) விற்கிறவர் வந்து டி.டி.எஸ். பேனாவை முக்கிக் காட்டி, அறுபதாயிரம் ஆகும் என்கிறார்.

சித்தப்பு_72:
தம்பி, இந்தப் பக்கம் பாதி வீட்டில் இப்படித்தான். நாங்கள் முப்பது வருஷமாகக் குடிக்கிறோம், கல்லு மாதிரி இருக்கிறோம். கொதிக்கவைத்துவிட்டால் எல்லாம் செத்துப்போகும். லேப்காரனும் ஃபில்டர்காரனும் கூட்டு.

தண்ணிவண்டி:
சித்தப்பு, கொதிக்கவைத்தால் சாவது கிருமி. மாங்கனீசு உலோகம், அதைச் சாகடிக்க முடியாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். ஒரு லிட்டரைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு முக்கால் லிட்டராகக் குறுக்கினால் 0.64 ஏறக்குறைய 0.85 ஆகிவிடும்.

ஏரிக்கரை, யு.வி. விளக்கும் கிருமிக்கு மட்டும்தான், இதைத் தொடாது. இன்றைக்கு ராத்திரிப் பாலிலிருந்தே தண்ணீரை மாற்றுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஏரிக்கரை_வீடு:
ஐயோ. அப்படியென்றால் இரண்டு மாசமாக நாங்களே காய்ச்சிக் காய்ச்சி அதிகமாக்கிக் கொடுத்திருக்கிறோமா?

லேப்_அக்கா:
தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். மாங்கனீசு உடம்புக்குத் தேவையான சத்துதான். பெரியவர்கள் சாப்பாட்டிலேயே நாளைக்குச் சில மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறோம். மிஞ்சியதை ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். பச்சைக்குழந்தைக்கு அந்த ஏற்பாடு இன்னும் முழுசாக வந்திருக்காது, குடலும் அதிகமாக உறிஞ்சும். அதனால்தான் உங்கள் பையன் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.

கணக்கையே போடுவோம். ஆறு மாசத்துக்குள் குழந்தைக்குப் போதும் என்று அமெரிக்க ஊட்டச்சத்துக் குழு வைத்திருப்பது நாளைக்கு 0.003 மில்லிகிராம். தாய்ப்பாலில் அவ்வளவுதான் இருக்கும். உங்கள் தண்ணீரில் நாளைக்கு 600 மில்லி கரைத்தால் தண்ணீரிலிருந்து மட்டும் 0.38 போகிறது. பவுடரில் இருப்பது தனி.

நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் 0.1 தான் ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கே வழியில்லையென்றால் 0.3 வரை விடுவார்கள். நீங்கள் அதற்கும் இரண்டு மடங்கு. உலகச் சுகாதார நிறுவனம் 2004-இல் 0.4 என்று வைத்திருந்தது. 2011-இல், குடிநீரில் வழக்கமாக இருக்கும் அளவுக்கு வரம்பே தேவையில்லை என்று அதையும் எடுத்தது. 2022 பதிப்பில் திரும்ப வந்து 0.08 என்று தற்காலிக அளவு வைத்தது, அதுவும் புட்டிப்பால் குழந்தைகளை மனசில் வைத்து. கனடா 2019-லேயே 0.12 ஆக்கிவிட்டது. இருபது வருஷத்தில் எண் இத்தனை தடவை மாறியிருப்பதால், பழைய கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது “0.4 வரை பரவாயில்லை” என்பார்கள். கேட்காதீர்கள்.

நைட்ரேட் 8 நல்ல செய்தி. புட்டிப்பால் வீட்டில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், வரம்பு 45.

பித்தளைச்சொம்பு:
ஒரு கப் டீயிலேயே அரை மில்லிகிராம் கிட்ட மாங்கனீசு உண்டு அக்கா. அதற்கு யாரும் சிவப்பு வட்டம் போடுவதில்லையே? சும்மா பயமுறுத்தக் கூடாது.

லேப்_அக்கா:
டீயில் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும், இரண்டு மாசக் குழந்தைக்கு யாரும் டீ கொடுப்பதும் இல்லை. பயமுறுத்தலா என்றால், கனடாவின் கியூபெக்கில் 6 முதல் 13 வயதுவரை 362 பிள்ளைகளைப் பார்த்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டுத் தண்ணீரில் மாங்கனீசு மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளின் ஐ.க்யூ., மிகக் குறைவாக இருந்த பங்கைவிட 6 புள்ளி குறைவு. அந்த அதிகத் தண்ணீரிலேயே நடுமதிப்பு 0.216 தான். இதனால்தான் அது என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை, சம்பந்தம் தெரிந்தது, அவ்வளவே. பங்களாதேஷில் ஆராய்ஹசார் என்ற பகுதியில் பத்து வயதுப் பிள்ளைகளிடமும் இதே போக்கைப் பார்த்தார்கள். என் பேரனாக இருந்தால் அந்தச் சம்பந்தமே எனக்குப் போதும்.

பெரியவர்களுக்கு நடுக்கம், நடை தடுமாற்றம் என்று வருவது சுரங்கத்திலும் வெல்டிங்கிலும் வருஷக்கணக்கில் புகையாக மூச்சில் போகும்போது. உங்கள் வீட்டுக் கதை அது இல்லை. குளிக்கலாம், துணி துவைக்கலாம், தோல் வழியாகச் சேராது. வீட்டில் யாருக்காவது ஈரல் தொந்தரவோ ரத்தசோகையோ உண்டா? ஈரல் கெட்டிருந்தால் வெளியேறாது. இரும்புச்சத்து குறைந்தால், குடலில் இரும்பு போகிற வழியிலேயே மாங்கனீசு கூடுதலாக உள்ளே போகும்.

ஏரிக்கரை_வீடு:
அப்பாவுக்கு ஈரல் வீக்கத்துக்கு மருந்து ஓடுகிறது. மனைவிக்குப் பிரசவத்தில் ஹீமோகுளோபின் 8.5.

லேப்_அக்கா:
அப்போது அவர்கள் இருவருக்கும் குடிதண்ணீரை மாற்றுங்கள். பையனைப் பார்க்கிற டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

தண்ணிவண்டி:
சாஃப்ட்னர் பற்றி. கரைந்த மாங்கனீசை அது எடுக்கும், பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்னால் எங்காவது பிளீச்சிங் போட்டீர்களானால் கறுப்புக் கசடு போய் சாஃப்ட்னருக்குள் இருக்கும் ரெசின் மணிகளில் அடைத்துக்கொள்ளும். அதோடு சோடியத்தை ஏற்றிவிடும், குழந்தைக்கு அதுவும் ஆகாது. குளிக்கிற தண்ணீருக்கெல்லாம் எதற்கு அறுபதாயிரம்? சமையலறையில் ஓர் ஆர்.ஓ. போதும். முன்ஃபில்டரை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள், கறுத்து வரும். டி.டி.எஸ். பேனா வித்தையை நம்பவே வேண்டாம், அது மொத்த உப்பைத்தான் காட்டும், 780-இல் மாங்கனீசு 0.64 எந்த மூலைக்கு?

ஆர்.ஓ. வரும்வரை ஊராட்சிக் குழாய். உங்கள் தெருவுக்குக் கொள்ளிடம் தண்ணீர் வருகிறதா?

ஏரிக்கரை_வீடு:
ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது.

தண்ணிவண்டி:
மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரைப் பிடித்துக் கேளுங்கள். கொள்ளிடம் குறைகிற நாளில் உள்ளூர் போரையும் அதே தொட்டியில் ஏற்றிவிடுவார்கள். எந்த நாள் கலப்படமில்லாத தண்ணீர் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சொல்வார். (மாங்கனீசோடு சேர்த்துத்தான், பித்தளைச்சொம்பு!)

பித்தளைச்சொம்பு:
😄 சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பளிச்சென்று வந்த தண்ணீர் எப்படிக் கடுங்காப்பி ஆனது?

லேப்_அக்கா:
டெல்டா மண்ணில் அடியில் பழைய தழை, மட்கு எல்லாம் புதைந்து கிடக்கும். அது மட்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மணலில் ஒட்டியிருக்கும் மாங்கனீசு கரைந்து, நிறமில்லாமல் தண்ணீரோடு வரும். இரும்பென்றால் குடத்தில் பிடித்துவைத்த கொஞ்ச நேரத்திலேயே செம்பழுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். மாங்கனீசு நாள்கணக்கில் சும்மா இருக்கும். குளோரின் பட்டதும் கறுத்துத் திரண்டுவிடும். உங்கள் மாமனார் தெரியாமலே டெஸ்ட் பண்ணிவிட்டார்.

ஏரிக்கரை_வீடு:
(பன்னிரண்டு நாள் கழித்து) ஆர்.ஓ. மாட்டியாயிற்று. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு போர் தண்ணீர் ஒரு பாட்டில், ஆர்.ஓ. தண்ணீர் ஒரு பாட்டில், லேபில் கொடுத்த ஆசிட் சொட்டு போட்ட பாட்டிலிலேயே பிடித்துக் கொடுத்தேன். போர் 0.61, ஆர்.ஓ. 0.02-க்கும் கீழே. டாக்டர் பையனைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறான், பழைய தண்ணீருக்குத் திரும்பாதீர்கள் என்றார். ஆர்.ஓ. தண்ணீரையும் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைக் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னார். அப்பாவும் அதே தண்ணீர்தான். அறுபதாயிரக்காரர் இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். அப்பாவின் வெள்ளை வேட்டியெல்லாம் சாம்பல் கறை. பிளீச்சில் ஊறவைத்தேன், இன்னும் கறுத்துவிட்டது.

லேப்_அக்கா:
திரும்பவும் பிளீச்சா! அது கறையைக் கெட்டிப்படுத்தும். நன்றாக அலசி பிளீச் வாடை போனபிறகு, எலுமிச்சம்பழச் சாறு பிழிந்த வெந்நீரில் ஊறவையுங்கள். வேகமாக வேண்டுமானால் வைட்டமின் சி மாத்திரையை நுணுக்கிப் போடுங்கள். ஃப்ளஷ் டேங்குக்கும் அதேதான்.

சித்தப்பு_72:
வேட்டி வெளுத்ததா தம்பி? என்னிடமும் நாலு இருக்கிறது. அப்படியே அந்த லேப் எங்கே இருக்கிறதென்று சொல், பேத்தி பிரசவத்துக்கு வருகிறாள்.