தமிழில் வரும் பிழைச் செய்தி மூலநிரலில் எங்கே இருக்கிறது என்று எப்படித் தேடுவது?

திருநெல்வேலிச்சந்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அச்சுக்கடையில் வேலை செய்கிறேன். கடைக் கணினியில் உபுண்டு, இடைமுகம் தமிழில். போன கிழமை ஒரு ஐயா தாயாரின் 31 ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவு மலர்) அடிக்க வந்தார், கனடாவில் இருந்து தங்கச்சி அனுப்பிய படங்கள் என்று பென் ட்ரைவைத் தந்தார். 12 படம், ஒன்றுகூடத் திறக்கவில்லை. படம் பார்க்கிற செயலி, கோப்பின் பெயரைப் போட்டு, இது என்ன வகைப் படம் என்று தெரியவில்லை என்ற கருத்தில் ஒரு தமிழ்ச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றது. எல்லாம் ஐபோனில் எடுத்த, எச்இஐசி என்ற வடிவத்தில் உள்ள படங்கள். வேறொருவரின் போனில் போட்டு மாற்றி எடுத்தேன், ஆனால் தரம் குறைந்துவிட்டது.

திறந்த மூலம்தானே, அந்தச் செய்தி எங்கே இருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும் என்று நினைத்து, தமிழ் வசனத்தை அப்படியே, மூலநிரல்களைப் போட்டு வைக்கிற கிற்ஹப் தளத்தில் தேடினேன். ஒன்றும் இல்லை. செயலியின் மூலநிரலை இறக்கி, கிரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டேன், அதிலும் இல்லை. இரண்டு இரவு போய்விட்டது. நீங்கள் என்றால் எப்படித் தேடுவீர்கள்? நான் கம்பஸ் போனவன் இல்லை, பைதன் கொஞ்சம் தெரியும், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவி.

கோண்டாவில்காரன் எழுதியது:

தம்பி, நிரலுக்குள் தமிழ் இருக்காது. அங்கே ஆங்கில வசனம்தான், தமிழ் தனியாக பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பில் இருக்கும். முதலில் ரேர்மினலில் எல்சி_ஆல் என்ற மாறிக்கு சி என்று கொடுத்து அதே செயலியில் அதே படத்தைத் திறவுங்கள், செய்தி ஆங்கிலத்தில் வரும். அதையும் முழுதாகக் கொண்டுபோய்த் தேட வேண்டாம். திரையில் கோப்பின் பெயர் நிற்கிற இடத்தில் நிரலில் ஒரு வீதக்குறியும் எஸ் எழுத்தும்தான் நிற்கும். உபுண்டுவின் இடைமுகத்தைச் செய்கிற க்னோம்காரர் மேற்கோள் குறியை வளைந்த குறியாகப் போடுவார்கள், நாங்கள் விசைப்பலகையில் அடிப்பது நேரான குறி, அதனாலேயே எத்தனையோ தரம் எனக்கு வெறுங்கையாக வந்திருக்கிறது. குறியும் பெயரும் இலக்கமும் படாத மூன்று நான்கு சொல்லை நடுவில் இருந்து வெட்டி எடுத்துத் தேடுங்கள்.

அப்புறம், கிற்ஹப்பின் நிரல் தேடல் முதன்மைக் கிளையை, அதாவது இப்போது வேலை நடக்கிற நிரலை மட்டும்தான் பார்க்கும். உங்கள் கணினியில் ஓடுவது பழைய பதிப்பு. க்னோம் 2018 இல் சொந்த கிற்லாப் தளத்துக்குப் போய்விட்டது, கிற்ஹப்பில் கிடப்பது அதன் பிரதி. ஆகவே ஆப்ட் சோர்ஸ் கட்டளையால் நிறுவிய அதே பதிப்பின் மூலநிரலை இறக்குங்கள் (அமைப்பில் மூலநிரலுக்கான தெரிவைத் திறந்துவிட வேண்டும்), அதற்குள் கிரெப் மாதிரியான ரிப்கிரெப் போட்டால் கெதியாக வரும்.

நல்லூரடி எழுதியது:

அண்ணா சொன்னது சரி, ஆனால் தமிழை வைத்தும் தேடலாம். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள், எனக்கு அதுதான் குறுக்குவழி. பிஓ கோப்பில் ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே # குறியும் முக்காற்புள்ளியும் போட்ட ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், இந்த வசனம் எந்த நிரல் கோப்பில் எத்தனையாவது வரியில் என்று அதுவே சொல்லிவிடும்.

தம்பிக்குத் தேடல் பிழைத்ததற்குக் காரணம் "கோப்பு" என்ற சொல்லாகவே இருக்கலாம். "கோ" என்பதை யூனிக்கோட்டில் இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் இரண்டு குறியீடாக. கண்ணுக்கு ஒன்றுதான், கிரெப்புக்கு இரண்டும் வேறு வேறு. கொ, கௌ வரும் சொற்களிலும் இதே தொல்லை. அந்த எழுத்துகள் இல்லாத சொல்லாகப் பார்த்து எடுங்கள், "முடியவில்லை" மாதிரி. இன்னொன்று, நீளமான வசனத்தை பிஓ கோப்பில் இரண்டு மூன்று வரியாக உடைத்து வைத்திருப்பார்கள், முழு வசனமும் ஒரே வரியில் அகப்படாது. எம்எஸ்ஜிகேற் என்ற கருவிக்கு நோ-ராப் என்று கொடுத்தால் எல்லாம் ஒவ்வொரு வரிக்கு வந்துவிடும்.

ஏழாலை எழுதியது:

செயலிக்குள் இல்லை என்றால் அது பாவிக்கிற நிரலகத்தில் (பல செயலிகள் பொதுவாகப் பாவிக்கிற நிரல் தொகுப்பு) இருக்கும். படம் திறக்கிற வேலையை இந்தச் செயலிகளில் கனக்க, ஜிடிகே பிக்ஸ்பஃப் நிரலகத்திடம் விட்டுவிடும். அந்த மூலப்பொதியில் பாருங்கள்.

எந்த நிரலகம் என்றே தெரியாதபோது நான் போவது டெபியன் கோட் சேர்ச். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் இருக்கிற பொதிகளின் மூலநிரல் அத்தனையையும் ஒரே இடத்தில் தேடலாம், ரெஜெக்ஸும் (சரியான சொல்லுக்குப் பதிலாக எழுத்துகளின் ஒரு அமைப்பு) கொடுக்கலாம். கூகுள் 2006 இல் தொடங்கிய நிரல் தேடலை 2012 ஜனவரியில் மூடியது. அது எப்படி வேலை செய்தது என்று அதை ஆக்கிய ரஸ் காக்ஸ் அந்த மாதமே எழுதினார், அதே வருடம் மைக்கேல் ஸ்டாபல்பெர்க் டெபியனுக்கு இதைச் செய்தார். ஒவ்வொரு கோப்பையும் மூன்று மூன்று பைற் துண்டாகப் பார்த்து எந்தத் துண்டு எந்தக் கோப்பில் என்று அட்டவணை வைத்திருக்கும், கேட்ட துண்டுகள் எல்லாம் உள்ள கோப்பை மட்டும் திறந்து பார்க்கும். (யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறியீடு சரியாக மூன்று பைற். இதை அறிந்த நாளில் எனக்கு அவ்வளவு சந்தோசம்.)

கடைசியாக, வசனம் இப்போது இல்லை, முந்தி இருந்தது என்றால் மாற்றங்களின் வரலாற்றைக் காட்டுகிற கிற் லொக் கட்டளையில் பெரிய எஸ் கொடுத்துத் தேடுங்கள். அந்த வசனம் எந்த மாற்றத்தில் வந்தது, எதில் போனது என்று காட்டும். செய்தவர் காரணத்தையும் எழுதியிருந்தால் ஆவணத்தில் இல்லாததுகூட அங்கே கிடைக்கும்.

திருநெல்வேலிச்சந்தி எழுதியது:

கண்டுபிடித்துவிட்டேன்! அக்கா சொன்னபடி "முடியவில்லை" என்று மட்டும் பிக்ஸ்பஃப்பின் தமிழ் பிஓ கோப்பில் தேடினேன், நிறைய வந்தது, ஒவ்வொன்றாகப் பார்த்ததில் என் வசனம் இருந்தது. மேலே உள்ள வரி காட்டிய நிரல் கோப்பைத் திறந்து வடிவாக வாசித்தேன். படக்கோப்பின் முதல் பைற்றுகளை எடுத்து, நிறுவியிருக்கிற ஒவ்வொரு ஏற்றியின் (ஒரு வகைப் படத்தைத் திறக்கிற துணை நிரல்) அடையாளத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஒன்றோடும் பொருந்தாவிட்டால்தான் இந்தச் செய்தி. அப்படியென்றால் படத்தில் பிழை இல்லை, எச்இஐசிக்கு ஏற்றிதான் இல்லை. எச்இஐஎஃப் ஜிடிகே பிக்ஸ்பஃப் என்ற பொதியை நிறுவினேன், 12 படமும் திறந்தன.

ஐயா கல்வெட்டை எடுக்க நாளைக்குத்தான் வருகிறார். அட்டையில் இருந்த மங்கல் படத்தை எடுத்துவிட்டு, அம்மாவின் படத்தை முழுத் தரத்தில் வைத்துத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன்.