வீல்சேர், விரல்பிடி குறைவு: 11×9 அடி அறையில் ஹெச்ஓ மாடல் ரயில் லேஅவுட்டை எப்படி மாத்திப் போடலாம்?

குளச்சல்_பேசஞ்சர்

அப்பாவுக்காகக் கேக்கேன், அவரோட மாடல் ரயில் செட்டுக்கு (ஹெச்ஓ, அதாவது நிஜத்தில 87ல ஒரு பங்கு). வயசு 66, வீல்சேர். ரெண்டு கையிலயும் விரல் மூட்டு ருமட்டாய்டு வாதத்தில் வீங்கியிருக்கு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்க முடியாது, கை தோளுக்கு மேல எழும்பாது. பார்வை பரவாயில்லை.

இப்ப இருக்கது 6×4 அடி மேஜை, அதுல செட் டிராக் (ரெடிமேட் தண்டவாளத் துண்டு) ஓவல், இரண்டாம் ரேடியஸ் (438 மி.மீ.). ஒரு டீசல் எஞ்சின், நாலு ஐசிஎஃப் (பழைய வகைப் பயணிகள்) பெட்டி, எட்டு வேகன், எல்லாம் கொக்கி கப்ளர் (பெட்டிகளை இணைக்கிற கொக்கி). கண்ட்ரோலர் பழைய டிசி, திருகு குமிழ்.

பின்பக்க வளைவில பெட்டி தடம் புரண்டா யாரையாவது கூப்பிடணும். கப்ளர் மாட்டவும் கழட்டவும் விரல் ஒத்துழைக்காது. குமிழைக் கொஞ்சம் திருப்பினாலும் எஞ்சின் குதிச்சு ஓடுது. அறை 11×9 அடி. கடல் அரை கிலோமீட்டர்தான், தண்டவாளம் ரெண்டு நாள்ல கறுத்துப் போகுது. மேஜையை வச்சே சரி பண்ணலாமா, முதல்ல இருந்து தொடங்கணுமா?

ஹோம்சிக்னல்

மேஜையை விட்டிருங்க தம்பி. உட்கார்ந்த இடத்தில இருந்து முன்னால நீட்டினா சிரமமில்லாம எட்டுறது சுமார் 50 செ.மீ. நாலு அடி மேஜை 122 செ.மீ. ரெண்டு பக்கமும் போக முடிஞ்சாலும் நடுவில ஒரு பட்டை எட்டாது. ஒரு பக்கம் சுவரோட ஒட்டியிருந்தா பாதி மேஜை வேற ஊர்.

ரெண்டு சுவரோரமா 45 செ.மீ. அகலத்தில ‘ட’ வடிவப் பலகை போடுங்க. ஒரு கை 3 மீட்டர், இன்னொன்னு 2.1 மீட்டர். மிச்சம் ஏறக்குறைய 290×229 செ.மீ. தரை கிடைக்கும். வீல்சேர் முழுசாத் திரும்ப 150 செ.மீ. விட்டம் போதும். ஓவலை மறந்துருங்க. அறையைச் சுத்திப் போட்டாலும் வாசல்ல தூக்குபாலம் வரும், அதைத் தூக்க இன்னொரு கை வேணும்.

உயரம்: முழங்கால் உள்ள போகத் தரையில இருந்து குறைஞ்சது 69 செ.மீ. திறப்பு. அதுக்கு மேல சட்டம், பலகை சேர்த்து தண்டவாளம் 76–78 செ.மீ.யில நிக்கும். கைப்பிடி இடிக்குதான்னு அவங்க வீல்சேரை அளந்துட்டே முடிவு பண்ணுங்க. முன்னால கால் வைக்கவே கூடாது. சுவர் பிராக்கெட்டை 90 செ.மீ.க்கு ஒண்ணா வச்சா ரெண்டுக்கும் நடுவில வீல்சேர் நுழையும். 60 செ.மீ. இடைவெளின்னு ஆசாரி சொன்னா ஒத்துக்காதீங்க. பலகை வளையும்னு பயப்பட்டா அடியில ஒரு சட்டம் கூடுதலாப் போடட்டும்.

மூலைதான் எல்லாரும் தப்புப் பண்ற இடம். சுவர்மூலை வரைக்கும் தண்டவாளத்தைத் தள்ளிப் போட்டா கை எட்டாது. ரெண்டு பக்கமும் பாதையைச் சுவர்ல இருந்து 20 செ.மீ.யில ஓட்டி, மூலையில 60 செ.மீ. ரேடியஸ் குடுங்க. அப்போ வளைவோட நடுப்பகுதி பலகையோட உள்மூலையில இருந்து 10 செ.மீ. தூரத்திலதான் வரும். ஐசிஎஃப் பெட்டி ஹெச்ஓவில 24.5 செ.மீ. ரேடியஸ் பெட்டி நீளத்தைப் போல ரெண்டரை மடங்கு இருந்தா பெரும்பாலும் பிரச்சினை இல்லாம ஓடும், 60 அதுக்குச் சரியாப் பொருந்துது. புது வகை எல்ஹெச்பி பெட்டி 27 செ.மீ., அது ஓடும், ஆனா ஓரம் வெளிய தள்ளி நிக்கும். மூலையில பாயிண்ட் (தடம் பிரியிற இடம்) மட்டும் வேண்டாம்.

கன்னியாகுமரி மாதிரி கடைசி ஸ்டேஷனை நீளக் கையில வையுங்க. வண்டி வந்து நின்னா எஞ்சினைக் கழட்டி மறுமுனைக்குக் கொண்டுபோறதே ஒரு வேலை. நாகர்கோவில் ஜங்ஷனும் நல்ல கரு. திருநெல்வேலியில இருந்து வந்து திருவனந்தபுரம் போற வண்டி அங்க எஞ்சின் திசை மாத்தணும், டவுன் ஸ்டேஷன் வழியாப் போனா அது தேவையில்லை.

வள்ளியூர்_அப்

இவ்வளவு பாடு எதுக்கு? ‘N’ ஸ்கேலுக்கு (ஹெச்ஓவை விடச் சின்னது, 160ல ஒரு பங்கு) மாறிட்டா இதே அறையில ரெண்டு மடங்கு ரயில்.

தோவாளை_பாயிண்ட்ஸ்மேன்

அண்ணே, இடம் மிச்சமாகும், விரலுக்கு மிச்சம் ஒண்ணுமில்ல. 9 மி.மீ. தண்டவாளத்தில 15 செ.மீ. கூட இல்லாத பெட்டியை நிக்க வைக்கணும். பிடி நல்லா இருக்கவங்களுக்கே அது பொறுமைச் சோதனை. ஹெச்ஓவே இருக்கட்டும்.

குளச்சல் தம்பிக்கு ஒரே ஒரு யோசனைதான் அடிப்படை: வண்டியைக் கையால தொடவேண்டிய ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் எழுதி வச்சு ஒண்ணொண்ணா ஒழிச்சுக்கிடுங்க.

முதல்ல தடம் புரளுறது. பாதி நேரம் காரணம் பெட்டி எடை கம்மி. என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) சொல்ற கணக்கு ஹெச்ஓவுக்கு 28 கிராமும், நீளத்தில ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராமும். 24.5 செ.மீ. பெட்டின்னா ஏறக்குறைய 165 கிராம். சமையல் தராசில நிறுத்துப் பாருங்க, குறையறதை போகிக்கு (அடியில உள்ள சக்கரத் தொகுதி) மேல, தரையோட ஒட்டி வையுங்க. கூரைப் பக்கம் ஒட்டினா வளைவில சாயும். வீல் ரெண்டுக்கும் நடுவில உள்ள இடைவெளியைப் பார்க்க என்எம்ஆர்ஏ அளவுத்தகடு ஒண்ணு வாங்கி எல்லா அச்சையும் ஒரு தடவை சோதிச்சிட்டா பாயிண்ட்ல ஏறிக் குதிக்கிறது நிக்கும். ஃபிஷ்பிளேட் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற தகடு) மேல விரலை ஓட்டினா எங்க படி தட்டுதுன்னு தெரியும், அங்கதான் புரளும்.

அப்படியும் புரண்டா எஞ்சின் இழுக்கையிலேயே ஏத்திவிடும் ரீரெய்லர் துண்டு இருக்கு. ஸ்டேஷன் முனையில ஒண்ணு, மூலை வளைவுக்கு முன்னால ஒண்ணு, லெவல் கிராசிங் மாதிரி மறைச்சுப் போடலாம்.

கப்ளர்: கொக்கியைத் தூக்கிப் போட்டுட்டு கேடி (Kadee) கம்பெனி காந்த கப்ளர். பெட்டியில நெம் (NEM) பாக்கெட், அதாவது கப்ளர் சொருகுற பொதுஅளவுத் துளை இருந்தா கேடி 17 முதல் 20 வரை நம்பர்ல நீளம் பார்த்து எடுங்க, இல்லாட்டி 5ஆம் நம்பரை அடிச்சட்டத்தில திருகணும் (இது வேற ஆள் வேலை). தண்டவாள நடுவில கேடி 321ஆம் நம்பர் காந்தம். கப்ளர் ரெண்டும் காந்தத்துக்கு மேல வந்ததும் எஞ்சினைக் கொஞ்சம் பின்னால தள்ளி இழுவையைத் தளர்த்தினா தாடை பக்கவாட்டில திறக்கும். கொஞ்சம் முன்னால இழுத்து, திருப்பித் தள்ளினா பெட்டியை வேணும்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வரலாம், திரும்பப் பூட்டாது.

தப்பு ரெண்டு வரும். மெயின் லைன்ல காந்தம் வச்சா வண்டி லேசாத் தளர்ந்ததுமே நடுவில அறுந்துக்கும், அதனால சைடிங்ல (வண்டி நிறுத்துற கிளைத் தடம்) மட்டும் வையுங்க. இரும்பு அச்சு உள்ள வேகன் காந்தத்துக்கு மேல தானா உருண்டு வந்து நிக்கும், அச்சை மாத்துறதுதான் வழி. கப்ளர்ல தொங்குற வளைகம்பி உயரத்தை கேடி 205 அளவுகோலால பார்த்துக்கிடுங்க. தாழ்ந்தா பாயிண்ட்ல தட்டும், உயர்ந்தா காந்தம் பிடிக்காது.

பெட்டியை ஏத்தி இறக்க ஒரு மீட்டர் பலகைத்துண்டில தண்டவாளம் ஒட்டி, ரெண்டு பக்கமும் 4 செ.மீ. தடுப்பு, முனையில ஸ்பாஞ்ச் அடைப்பு. முழு ரேக்கையும் (கோத்த பெட்டி வரிசை) அதிலேயே வச்சு மடியில தாங்கிக் கொண்டுவந்து லேஅவுட் முனையில சேர்த்து ஓட்டி விடலாம். ஒத்தைப் பெட்டியைக் கிள்ளி எடுக்கவே வேண்டாம்.

விளையாட்டு வேணும்னா இங்கிள்நூக் (வேகனை வரிசை மாத்துற ஷண்டிங் புதிர்) போடுங்க. ரெண்டே பாயிண்ட், மூணு சைடிங்: 5, 3, 3 வேகன் கொள்ளளவு, இழுத்து நிறுத்துற துண்டில எஞ்சினும் 3 வேகனும். எட்டு வேகன்ல இருந்து சீட்டுக் குலுக்கி அஞ்சை வரிசை மாறாம எடுத்து நிறுத்தணும். 6,720 வரிசை இருக்கு, சீக்கிரம் சலிக்காது. கைவசம் உள்ள எட்டு வேகன் சரியாப் போதும்.

டிசிசி_கிறுக்கன்

குமிழ் பிரச்சினைக்கு டிசிசி (தண்டவாளம் வழியா எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்புற முறை). மலிவான வழி டிசிசி-இஎக்ஸ்: ஆர்டுயினோ மெகா 2560 (சின்ன கண்ட்ரோல் போர்டு), அது மேல சொருகுற மோட்டார் ஷீல்டு ஆர்3, வைஃபைக்கு இஎஸ்பி8266. ஷீல்டில விஇன் (VIN, மின்வரவு) இணைப்பை வெட்டணும், இல்லாட்டி தண்டவாளத்து மின்சாரம் ஆர்டுயினோவுக்குள்ளயும் ஏறும். இதை மறந்து போர்டை எரிச்சவங்க அதிகம்.

ஆண்ட்ராய்டு போன்ல எஞ்சின் டிரைவர் செயலி. திரையில தேய்க்கவே வேண்டாம். வேகம் கூட்ட, குறைக்கப் பெரிய பட்டன் வைக்கலாம், போனோட வால்யூம் பட்டனையே வேகத்துக்கு ஒதுக்கலாம். ப்ளூடூத் கேம்பேடும் பிடிக்கும். முழு உள்ளங்கையால பிடிக்கிற கேம்பேட்தான் இந்தக் கைக்கு எனக்குச் சரின்னு படுது.

குதிச்சு ஓடுறதை டிகோடர்ல (எஞ்சினுக்குள்ள வைக்கிற டிசிசி சிப்) அடக்கணும். சிவிங்கிறது அதோட செட்டிங் எண்: சிவி3 முடுக்கம், சிவி4 வேகக்குறைப்பு. மதிப்பை 0.9ஆல பெருக்கினா நிக்கிற நிலையில இருந்து முழு வேகத்துக்கு எத்தனை வினாடின்னு வரும். சிவி3இல 10 போட்டா 9 வினாடி. சிவி4இல 6க்கு மேல ஆரம்பத்தில போகாதீங்க, கடைசி ஸ்டேஷன்ல பஃபர் ஸ்டாப்பில (தடமுடிவுத் தடுப்பு) போய் மோதும். சிவி5 உச்ச வேகம், 255இல 110 போட்டா ஷண்டிங்குக்குப் போதும். விரல் தவறி எதை அழுத்தினாலும் எஞ்சின் பறக்காது.

கீப் அலைவ் உள்ள டிகோடரா வாங்குங்க. அழுக்குத் தண்டவாளத்தில எஞ்சின் நின்னா எல்லாரும் விரலால தள்ளிவிடுவோம். அந்தத் தள்ளலுக்கு மாற்று இந்த மின்தேக்கி.

பாயிண்டுக்கு எஸ்ஜி90 சர்வோ (சின்ன மோட்டார்), அதை இயக்க பிசிஏ9685 போர்டு, ரெண்டையும் டிசிசி-இஎக்ஸ் நேரடியா இயக்கும். சர்வோவைப் பலகைக்கு அடியில வைக்காதீங்க. பழுதானா வீல்சேர்ல இருந்து அடியில குனிய முடியாது. சிக்னல் கேபின் மாடல் கட்டடத்துக்குள்ள மேல்பக்கமா வச்சு, கூரையைத் தூக்கினா கிடைக்கிற மாதிரி செய்யுங்க. வயரிங்கும் முன்முகப்புப் பலகையில ஓடட்டும்: மெயின் வயர் 1.5 சதுர மி.மீ., ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 கிளை. திருகு டெர்மினல் வேண்டாம், வாகோ மாதிரி நெம்புகோல் கனெக்டர். அந்த நெம்புகோலும் விரலுக்குக் கடினம்தான், ஆனா ஸ்பூன் காம்பால தூக்கிடலாம்.

இரணியல்_லூப்லைன்

கடல்காத்து பத்தி யாரும் சொல்லலையே. முதல்ல தண்டவாளம் நிக்கல் சில்வரான்னு பாருங்க. காந்தம் ஒட்டினா அது இரும்பு. நம்ம கரையில அதைத் துடைச்சு மாளாது, மாத்துங்க. உப்புத்தாளால தேய்க்கிற பழக்கமும் வேண்டாம், கீறல்ல அழுக்கு தங்கும். ஒரு வேகனுக்கு அடியில துணி சுத்தின அட்டையைத் தொங்கவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் லேசா நனைச்சு, எஞ்சின் தள்ளிட்டுப் போகட்டும். ஜன்னல் திறந்திருக்கணும், அந்த நேரம் சாம்பிராணி வேண்டாம்.

பலகை ஐஎஸ் 710 மரைன் பிளைவுட், 12 மி.மீ. 90×45 துண்டுகளா வெட்டினா ஒவ்வொண்ணும் மூணு, மூணரை கிலோதான், மேஜையில சாய்ச்சு வச்சு வேலை பார்க்கலாம். ஆறு முகத்திலயும் ரெண்டு கோட் பெயின்ட் அடிங்க. அடிப்பக்கத்தை விட்டுட்டா ஆனி, ஆடியில ஈரம் குடிச்சு வில்லா வளையும். குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் சல்லிசாக் கிடைக்குதுன்னு சட்டத்துக்கு எடுக்கிறவங்க பதப்படுத்தின மரமான்னு கேட்டு வாங்கணும். பச்சையா எடுத்தா பூசணமும் வண்டும் வரும்.

ஜல்லிக்குக் கடற்கரை மணல் அள்ளாதீங்க. உப்பு ஒரு பக்கம். மணவாளக்குறிச்சி மணல்ல இல்மனைட் கலந்திருக்கு, வலுவான காந்தம் அதை இழுக்கும், எஞ்சின் மோட்டாருக்குள்ள போனா கதை முடிஞ்சுது. கதிரியக்கமுள்ள மோனசைட்டும் அதே மணல்லதான். எம் சாண்டைக் கழுவிக் காயவச்சு டீ வடிகட்டியில சலிச்சா போதும். நிஜத்தில 50 மி.மீ. ஜல்லி ஹெச்ஓவில 0.6 மி.மீ.

பெட்டி வைக்கிற டப்பாவில பாச்சை உருண்டை போடக்கூடாது, நாப்தலீன் பிளாஸ்டிக்கை இளக்கிடும். சிலிக்கா ஜெல் போடுங்க.

காட்சி வேலையை லேஅவுட் மேல செய்யவே வேண்டாம். ஏ4 அளவு ஃபோம் அட்டையில தென்னந்தோப்பு, வீடு எல்லாம் மடித்தட்டில வச்சுச் செஞ்சு, முடிஞ்சதும் அப்படியே பதிச்சுக்கிடலாம். கை தோளுக்கு மேல எழும்பாதுன்னா பின்திரையையும் சுவர்ல வரையாம அச்சடிச்சு மாட்டுங்க. பளபள ஃபிளெக்ஸ் விளக்கைத் திருப்பி அடிக்கும், துணியில அச்சடிங்க. ஆரல்வாய்மொழி காற்றாலையை ஹெச்ஓவில செய்ய ஆசைப்படாதீங்க. மைய உயரம் 50 மீட்டர்னா 57 செ.மீ. வரும். திரையிலேயே சின்னதா இருக்கட்டும்.

கருவிக்கு: அமுக்கினா திறந்து, விட்டா தானாப் பிடிக்கிற ட்வீசர். மத்ததோட கைப்பிடியில ஏசி குழாய்க்குப் போடற கறுப்பு ஃபோமை மாட்டினா தடிமனாகி முழுக்கையால பிடிக்கலாம். சர்க்கரை இருந்து விரல் மரத்திருந்தா சால்டரிங் வேற ஆள் செய்யட்டும், சுட்டாலும் தெரியாது.

குளச்சல்_பேசஞ்சர்

எல்லாருக்கும் நன்றி. கதவு உள்ள திறக்குது, 2.1 மீட்டர் கையோட கடைசி 40 செ.மீ. அதுல இடிக்கும். கீல் போட்டு மடக்குப் பலகையா வைக்கலாமா?

ஹோம்சிக்னல்

மடக்குப் பலகைக்குத் தாழ்ப்பாள் வேணும், அது மறுபடியும் விரல் வேலை. அந்தக் கையை 1.7 மீட்டர்ல நிறுத்துங்க. தோவாளை அண்ணன் சொன்ன ஒரு மீட்டர் பலகை அங்க வந்து சேரட்டும், எடுத்துட்டா கதவு ஃப்ரீ. சேர்ற முனையில ரெண்டு பித்தளைக் குழாய், பலகையில ரெண்டு ஆணி, தள்ளினா தானா நேராகும். ஆணி முனையைக் கூம்பா ராவி விடுங்க, நுழைக்கக் குறி பார்க்க வேண்டாம். மின்சாரத்தையும் அதே குழாய், ஆணி வழியா எடுத்துக்கலாம். பலகையைத் திருப்பி மாட்டினா ஷார்ட் ஆகும், அதனால ஆணி ரெண்டையும் வேற வேற உயரத்தில வையுங்க.