பிரெட்போர்டில் பாடும் எல்எம்386 ஸ்ட்ரிப்போர்டில் உறுமுகிறது

வணக்கம். சுற்று வரைபடத்தைப் பார்த்து, கட்டமிட்ட தாளில் பென்சிலால் ஸ்ட்ரிப்போர்டு (இணையான செம்புப் பட்டைகள் கொண்ட துளைப் பலகை) அமைப்பை வரைய இரண்டு மாதங்களாகப் பழகி வருகிறேன். 555 டைமர் ஐசி (சில்லு) கொண்டு எல்இடி மினுங்கும் சுற்று முதல் முயற்சியிலேயே வேலை செய்தது. எல்எம்386 என்ற ஐசி கொண்டு ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் சுற்றில்தான் மாட்டிக்கொண்டேன்.

பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் தெளிவாக ஒலித்த அதே சுற்று, அதே 9 வோல்ட் பேட்டரியுடன் ஸ்ட்ரிப்போர்டுக்கு மாறியதும், ஒலியளவைப் பாதிக்கு மேல் திருப்பினால் மோட்டார் படகு போல் 'டப் டப்' என்று உறுமுகிறது. ஐசியின் இரு வரிசைக் கால்களுக்கு நடுவே நான்கு செம்புப் பட்டைகளையும் வெட்டியிருக்கிறேன். ஒரு வெட்டில் முடி போல மிஞ்சியிருந்த செம்பு இழையைச் சுரண்டி எடுத்தபின், மல்டிமீட்டரில் எங்கும் தொடர்பு காட்டவில்லை. ஐசியையும் மாற்றிப் பார்த்தேன். 1, 8ஆம் கால்களுக்கு இடையிலுள்ள 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைக் கழற்றினால், பெருக்கம் 200இலிருந்து 20ஆகக் குறைந்து உறுமல் நிற்கிறது; ஆனால் ஒலி போதவில்லை.

வரைபடத்தில் தரை (கிரவுண்ட்) என்பது ஒரு சிறு குறிதான். என் பலகையிலோ உள்ளீடு, ஐசியின் தரைக் காலான 4ஆம் கால், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே பட்டையில் வரிசையாக அமர்ந்திருக்க, பேட்டரியின் எதிர்முனை மறுகோடியில் இருக்கிறது. ஐசிக்கு மின்சாரம் நுழையும் 6ஆம் காலுக்கான 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 15 துளைகள், அதாவது ஏறத்தாழ 4 செ.மீ. தள்ளி நிற்கிறது.

மறுபடி வரையும்போது, தரைப் பட்டையைப் பிரிப்பது, அந்த மின்தேக்கியை 6ஆம் காலருகே கொண்டுவருவது ஆகிய இரண்டில் எதை முதலில் செய்ய வேண்டும்?