ரிப்ளை 1988: ஆகக்கூட அழவைச்ச காட்சி எது? மோதிரமா, செத்தவீடா?

கடலோரம்_06
பார்த்து முடிச்ச ஆக்கள் மட்டும் வாங்கோ. கதையை முழுக்க உடைச்சுத்தான் எழுதப்போறன். கொரிய நாடகமே தெரியாதவைக்கு ரெண்டு வரி: சோல் நகரத்தில சங்முன்-டொங் எண்ட இடத்தில ஒரு ஒழுங்கை, அதில வளருற அஞ்சு சிநேகிதர், அவையின்ர அப்பா அம்மாமார். 2015 நவம்பரில இருந்து 2016 ஜனவரி வரைக்கும் ஓடினது.

என்ர கட்சி இதுதான். 20 எபிசோட்டிலயும் ஆகப்பெரிய சோகம் 18இல வாற மோதிரக் காட்சி. அந்த அஞ்சு பேரில ஒருத்தன், விமானப்படைக்குப் போன ஜுங்ஹ்வான், தன்ர கல்லூரி மோதிரத்தை அவன் கனகாலமாய் விரும்புற சிநேகிதி டொக்சொன் முன்னால மேசையில வைக்கிறான். பள்ளிக்கூட நாளில அவளோட ஒண்டாப் போறதுக்காக வாசல்ல காத்து நிண்டது, அவள் படிச்சுப்போட்டு வீடு வந்து சேருமட்டும் நித்திரை கொள்ளாமல் கிடந்தது, எல்லாத்தையும் சொல்றான். சொல்லி முடிச்ச கையோட பக்கத்தில இருந்த சிநேகிதனைப் பார்த்து, இப்ப உனக்குச் சந்தோசமோ எண்டு பகிடியாக்கிப்போடுறான். மோதிரம் மேசையிலயே கிடக்குது.

இதைவிடப் பெரிசு இருந்தால் சொல்லுங்கோ பாப்பம்.

நடுப்பிள்ளை
அஞ்சு வருசம் வாயைத் திறக்காதவனுக்கு நான் ஏன் அழவேணும்? அண்டைக்கு இசை நிகழ்ச்சிக்கு அவன் காரில பறந்து வாறான், ஒவ்வொரு சந்தியிலயும் சிவப்பு லைட். அதுக்குள்ள அவளை விரும்புற மற்றச் சிநேகிதன், பதுக் எண்ட பலகை விளையாட்டு வீரன் டேக், தன்ர போட்டியையே விட்டுப்போட்டு அவளுக்கு முன்னால வந்து நிக்கிறான். ஜுங்ஹ்வானே பிறகு சொல்றான், பிழை சிக்னல்ல இல்லை, தன்ர தயக்கத்தில எண்டு. குற்றவாளியே ஒப்புக்கொண்ட வழக்குக்கு நீங்கள் ஏன் வாதாடுறியள்?

நான் சொல்றது முதலாவது எபிசோட். அக்கா போராவின்ர பிறந்தநாள் கேக்கிலயே டொக்சொனுக்கும் சேர்த்துப் பாடி முடிச்சிடுவினம். அதில வெடிக்கிறாள். ஏன் எப்பவும் அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டைப் பொரியல், எனக்கு மட்டும் அவரை? ஏன் அவைக்கு வடிவான பேர், எனக்கு மட்டும் டொக்சொன்? அதுவும் எந்த நேரத்தில? ஒலிம்பிக் அணிவகுப்பில மடகஸ்கார் பேர்ப்பலகை பிடிக்கத் தெரிவாகி நாள்கணக்காய் ஒத்திகை பார்த்தவள். மடகஸ்கார் வரவே இல்லை. அந்த நாடு உண்மையாவே 1988இல சோல் ஒலிம்பிக்கைப் புறக்கணிச்சது.

எங்கட வீட்டில கோழிக்கறி எண்டால் கால் அண்ணாவுக்கு, ஈரல் தங்கச்சிக்கு. எனக்குக் கழுத்து. இண்டைக்கும் எனக்குக் கழுத்துத்தான் விருப்பம் எண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரியிறா.

தெமட்டகொட_நானா
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. ரெண்டாவது எபிசோட் யாரும் பாக்கலயா?

டொக்சொன்ட வாப்பாட உம்மா மௌத்தாகிட்டாங்க. புள்ளைகள் அழுதுகொண்டு போனா, அங்க வாப்பா வந்த சனத்தோட குடிச்சி, சிரிச்சி, கதையளந்துகொண்டு இருக்காரு. இந்தப் பெரிய ஆக்களுக்கு நெஞ்சே இல்லையான்னு புள்ளைகளுக்குக் கோவம். ராவாகி, அமெரிக்காவுல இருந்து மூத்தவர் வாசல்ல வந்து நிக்கிறாரு. அவ்வளவுதான். கூடப்பொறந்த எல்லாரும் சின்னப் புள்ளைகள் மாதிரி கத்தி அழுறாங்க. அதுவரைக்கும் அவங்க அழாம தாங்கிக்கொண்டுதான் இருந்திருக்காங்க.

எங்கட ஆக்கள்ல ஜனாஸாவ வெச்சிக்கொண்டு இருக்க மாட்டோம், ஏலுமானா அன்றைக்கே அடக்கம். எங்கட வாப்பா மௌத்தான நேரம் பெரிய நானா கட்டார்ல. டிக்கட் எடுத்து அவர் வந்து சேரக்குள்ள எல்லாம் முடிஞ்சி. குழிக்குப் பக்கத்துல நான் ஃபோனப் புடிச்சிக்கொண்டு நின்ன. வெயில்ல அவருக்கு ஒண்டும் தெரியல, "கொஞ்சம் கீழ காட்டுடா, கீழ காட்டுடா" எண்டாரு. அதனால அந்த மூத்தவர் வந்து சேருற காட்சியப் பாத்து எனக்கு அழுகை மட்டும் வரல, ஒரு பொறாமையும் வந்திச்சி.

கடலோரம்_06
நானா, வாப்பாவின்ர கதைக்கு மேல எனக்கு வாய் இல்லை. ஆனால் நாடகத்தைப் பற்றி எண்டால் நான் விடமாட்டன். எங்கட பக்கம் கனடாவில இருந்து மகன் வருமட்டும் பொரளையில மலர்ச்சாலையில வைச்சுக்கொண்டு இருக்கிறம். பிளேன்டீ போகும், அரசியல் கதைப்பினம், ஆரோ ஒராள் காணி வழக்கும் பேசி முடிப்பார். வானில மகன் வந்து இறங்கினதும் ஒப்பாரி. கண்டு பழகின காட்சி. செத்தவீட்டில அழுறதுக்கு ஒரு தோள் இருக்கு. ஜுங்ஹ்வானுக்கு ஆர் இருக்கினம்? அழவும் ஏலாது. தானே சிரிச்சுக் காட்டவேணும்.

பொடிநடை
பிள்ளையள், 1988 எண்ட உடன உங்களுக்கு கசற்றும் பழைய பாட்டும்தான் ஞாபகம் வருது. நான் அந்த வருசம் யாழ்ப்பாணத்தில ஓ.எல் வகுப்பு. இந்திய ஆமி நிண்ட காலம். தெற்கில ஜே.வி.பி. எண்ட இயக்கத்தின்ர கலவரம். எங்கட 88ஐ இப்படி இனிக்க இனிக்க ஒருத்தரும் படம் பிடிக்கேலாது. அந்த எரிச்சலோடதான் நான் இதைப் பார்க்கத் தொடங்கினது.

அஞ்சாவது எபிசோட்டில நிண்டுட்டன். போரா மாணவர் போராட்டத்துக்குப் போறவள். பொலிஸ் ஒழுங்கைக்குள்ள வந்து பிடிக்குது. மழை. தாய் ஓடிவந்து, என்ர பிள்ளை நல்ல பிள்ளை, கெட்டிக்காரி எண்டு பொலிசுக்கு ஒவ்வொண்டாச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சுறா. கால்விரல்ல ரத்தம் வருது, அவவுக்கே தெரியாது. மகள் அதைக் காணுறாள்.

2007 ஜூன் மாதம் இங்க கொழும்பில லொட்ஜ் லொட்ஜாய் தமிழரை எழுப்பி பஸ்ஸில ஏத்தி அனுப்பினவை, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுத்தான் நிண்டது. அதுக்குக் கொஞ்சம் முன்னம் என்ர தம்பியை ஒரு சோதனைச் சாவடியில மறிச்சுப் பிடிச்சுக்கொண்டு போனவை. அம்மா பொலிஸ் நிலையத்துக்கு என்ன கொண்டு போனவா தெரியுமோ? அவன்ர பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை. ஆறாம் வகுப்பில இருந்து, ஒரு சொப்பிங் பேக்கில. வாசல்ல நிண்ட பொடியனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "கணக்கு 92, கணக்கு 92" எண்டு விரலை வைச்சுக் காட்டினவா.

மோதிரமாம்.

மலைநாட்டான்_11
அக்கா எழுதுனதுக்கு அப்புறம் சும்மா இருக்கணும். இருந்தாலும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்.

கடைசி எபிசோட்ல போரா கல்யாணம். அப்பாவுக்கு அவ வாங்கிக் குடுத்த சப்பாத்து பெருசு. அவரு ஒண்ணும் சொல்லல, உள்ள டிஷ்யூவ அடைச்சிப் போட்டுக்கிட்டு நடக்கிறாரு. யாருக்கோ பிணை நின்னு காசத் தொலைச்சி, பாதி நிலத்துக்குக் கீழ இருக்கிற வீட்டுல வாடகைக்கு மூணு புள்ளைகள வளத்தவரு. பேங்க் வேலையில இருந்தும் முன்கூட்டியே அனுப்பிட்டாங்க. அவரு கால் அளவு வீட்டுல யாருக்கும் சரியா தெரியல.

நான் பதினாறு வயசுல புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்கு வந்தவன். எங்கப்பாவ தோட்டத்துல செருப்போட பாத்ததுதான். சப்பாத்து சைஸ் கேட்டா எனக்கும் தெரியாது.

மழைக்கால_மாடி
ஒழுங்கையே இல்லாமல் போற கடைசிக் காட்சியை ஒருத்தரும் சொல்லேல்லையே? எல்லாரும் குடிபெயர்ந்து வீடுகள் வெறிச்சோடி இருக்க, அவள் திரும்பிப் போய்ப் பாக்கிறது. வெள்ளவத்தை ஒழுங்கைகள் மாதிரி.

பொடிநடை
அந்தப் பழைய வீடுகளை இடிச்சு பிளாட் கட்டினபடியாத்தான் வடக்கில இருந்து வந்த எங்களுக்கு வெள்ளவத்தையில ஒரு கதவும் திறப்பும் கிடைச்சது. அதுக்கு என்னால அழ ஏலாது. வீடு வித்தவை அழட்டும்.

நடுப்பிள்ளை
அன்ரி 😂

கடலோரம், உங்கட வருத்தம் என்ன எண்டு நான் சொல்லட்டோ? அந்த நாடகமே ஒரு விடுகதை மாதிரித்தான் ஓடினது: டொக்சொன்ர புருசன் ஆர்? கொரியாவிலயே சனம் ஜுங்ஹ்வான் கட்சி, டேக் கட்சி எண்டு ரெண்டாப் பிரிஞ்சு நிண்டது. கடைசி எபிசோட்டை 18.8 சதவீதம் பார்த்தது, அந்த நேரம் கொரிய கேபிள் நாடகங்களிலயே உச்சம். உங்கட கட்சி தோத்துப்போச்சு. அது சோகம் இல்லை, மேட்ச் முடிஞ்ச கவலை. எழுதினவையும் 18க்குப் பிறகு அவனைப் பெரிசாக் கணக்கெடுக்கேல்லை. அவையில கோவப்படுங்கோ.

கடலோரம்_06
அதைத்தான் நானும் சொல்றன்! கதையே அவனைக் கைவிட்டிட்டுது. நீங்கள் சொன்ன ஒவ்வொரு காட்சியையும் எடுங்கோ. செத்தவீட்டுக்கு மூத்தவர் வந்து சேருறார். போரா வீட்டுக்குத் திரும்பி வாறாள். அப்பாவுக்குச் சப்பாத்துப் பெரிசு எண்டாலும் மகள் அதைக் கண்டிட்டாள், அழுறாள். உங்கட டொக்சொனுக்குப் பிறகு அப்பா ஒழுங்கையில ஒரு சின்னக் கேக்கோட காத்திருந்து, நானும் முதல் தரமாத்தான் அப்பாவா இருக்கிறன் எண்டு மன்னிப்புக் கேக்கிறார். எல்லாருக்கும் ஒரு ஆறுதலைக் கொடுத்தவை, இவனுக்கு மட்டும் ஒண்டும் கொடுக்கேல்லை. அவன் சொன்னது உண்மை எண்டு அவளுக்கு விளங்கினதோ எண்டுகூட ஒருத்தரும் வாய்திறந்து சொல்லேல்லை.

தெமட்டகொட_நானா
இந்தப் பொயின்ட் கொஞ்சம் வெயிட்தான். ஆனா ஆறுதல் கிடைச்சா சோகம் குறையுமா? மூத்தவர் வந்தா உம்மா எழும்பவா போறாங்க?

மலைநாட்டான்_11
ஜுங்ஹ்வானுக்கு ஒண்ணுமே இல்லங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். அவனுக்கு வேலை இருக்கு, விமானம் ஓட்டுறான். அவங்க அண்ணன் லொத்தர்ல பணம் அடிச்சித்தான் அந்த வீடே பணக்கார வீடாச்சு. காதல் போனா போகட்டுங்க, மாசம் முடிஞ்சா சம்பளம் வருதுல்ல.

கடலோரம்_06
சம்பளத்தை வைச்சு அழுகையை அளக்கிற ஆக்களோட நான் கதைக்கமாட்டன் 😅 ஆனால் நடுப்பிள்ளை பதில் சொல்லவேணும். கேக் கிடைச்ச பிறகும் டொக்சொன்தான் முதலிடமோ?

நடுப்பிள்ளை
ஓம். அப்பா மன்னிப்புக் கேட்டது ஒருக்கா. முட்டை பொரிக்கிறது ஒவ்வொரு நாளும். அடுத்தநாள் காலம்பற அந்த வீட்டில முட்டை ஆருக்குப் போயிருக்கும் எண்டு நீங்கள் நினைக்கிறியள்?