யோ லா டெங்கோ ஓசையைக் குறைத்த பிறகு: நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

பின்வரிசைக்காரன்:

நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் 1984-இல் தொடங்கிய குழு இது. ஐரா கேப்ளன் கிட்டார், அவர் மனைவி ஜார்ஜியா ஹப்லி டிரம்ஸ். 1990களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் மெக்நியூ பேஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். அதன் பிறகு ஆள் மாறவே இல்லை. பெரிய இசை நிறுவனங்களை அண்டாத இண்டி ராக் உலகில் இப்படி ஒட்டிக்கொண்டு வாழ்ந்த குழுக்கள் குறைவு. இவர்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது 2000-இல் வந்த, வாயில் நுழையாத நீளப் பெயர் கொண்ட அந்த ஆல்பத்தில்தான் போய் நிற்கிறது. அதுவரை ஆம்ப்ளிஃபயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் காதோரம் வந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். சிலருக்கு அதில் மகிழ்ச்சி, சிலருக்கு ஆற்றாமை. எந்தப் பக்கமானாலும் சரி, நேரில் கேட்ட அனுபவத்தை எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

நான் கேட்டது ஹோபோக்கனில் இருந்த மேக்ஸ்வெல்ஸில். வாஷிங்டன் தெருவின் முனை. அருகில் இருந்த காபித் தொழிற்சாலையின் பெயரைத்தான் அந்த இடத்துக்கு வைத்திருந்தார்கள். முன்பக்கம் உணவகம், பின்பக்கம் இருநூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் அறை. யூதர்களின் ஹனுக்கா பண்டிகை வரும்போது எட்டு இரவும் அங்கே வாசிப்பது என்று 2001-இல் ஆரம்பித்தார்கள். வசூல் முழுவதும் அறப்பணிகளுக்கு. பாட்டு வரிசை ஒவ்வோர் இரவும் மாறும், சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகள் மேடையேறுவார்கள்.

நான் போன இரவில் ஆர்கன் என்ற விசைப்பலகைக் கருவியோடு மெல்லத் தொடங்கினார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் நண்பரிடம் வாடகை பற்றி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ராக் நிகழ்ச்சி என்றால் சத்தம் இருக்கும், நம் பேச்சு அதில் கரைந்துவிடும் என்ற தைரியம். ஓசை ஒவ்வொன்றாக அடங்கியபோது அறையில் மிஞ்சியது அவருடைய குரல் மட்டும். பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு முன்பக்கத்திலிருந்து தட்டுகள் உரசும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. இரைச்சலான நிகழ்ச்சிகளுக்கு எவ்வளவோ போயிருக்கிறேன், எதிலும் இருநூறு பேர் ஒரே நேரத்தில் இப்படி மூச்சைப் பிடித்து நின்று பார்த்ததில்லை. 2013-இல் மேக்ஸ்வெல்ஸை மூடிவிட்டார்கள். ஹனுக்கா இரவுகள் 2017-இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனின் பவரி பால்ரூமில் மறுபடி தொடங்கின. அது பெரிய இடம், வசதியான இடம். ஆனாலும் எனக்கு அந்த நெரிசல்தான் பிடித்திருந்தது.

இரைச்சலே துணை:

என்னை ஆற்றாமைக் கட்சியில் எழுதிக்கொள்ளுங்கள். 1995, 1997 ஆல்பங்களில் கேப்ளன் கிட்டாரைப் படுத்திய பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2000-இன் ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டுதான் எனக்காகப் போட்டது போல இருந்தது. மற்றதெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்ட அறை. சரி, ஒருமுறை போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். 2003-இல் அதைவிட இளகிய ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுற்றில் நேரில் பார்த்தேன். அரங்கின் பெயர் வேண்டாம். மதுக்கூடம் மேடைக்கு மிக அருகில், புட்டியைத் திறக்கும் ஒவ்வொரு சத்தமும் தாளத்தோடு சேர்ந்து வந்தது. பின்வரிசைக்காரருக்கு வாய்த்த அமைதி எனக்கு வாய்க்கவில்லை. மெல்லிய இசை அறையை நம்பியிருக்கிறது. இரைச்சல் யாரையும் நம்புவதில்லை.

இன்னொன்று. ஒரு குழு ஓசையைக் குறைத்தால் உடனே 'முதிர்ச்சி' என்று விமர்சகர்கள் எழுதிவிடுகிறார்கள். எழுபது கடந்தும் கிட்டாரைக் கதறவிட்ட ராக் பாடகர் நீல் யங் என்ன, பிஞ்சா? 2006 ஆல்பம் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் கிட்டார் ரகளையோடு தொடங்கியதே, அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கோபம் ஆறியது.

குச்சியும் பிரஷும்:

நான் ஒரு சிறிய குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். எல்லோரும் கேப்ளனின் கிட்டாரைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த மாற்றம் நடந்தது ஹப்லியின் கைகளில் என்பது என் கட்சி.

சிறிய அறையில் குழு வாசிக்கும்போது ஓசையின் அடிமட்டத்தைத் தீர்மானிப்பது டிரம்ஸ்தான். மற்றக் கருவிகளுக்கெல்லாம் திருகுமிழ் உண்டு, டிரம்ஸுக்குக் கிடையாது. குச்சியால் ஓங்கி அடித்தால் கிட்டார் அதற்கு மேலே ஏற வேண்டும், பேஸ் கிட்டாரைத் துரத்தும், குரல் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும், பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க மேடை மானிட்டரையும் ஏற்ற வேண்டும். ஏற்றினால் மைக் ஊளையிடும். டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய கம்பிகளைக் கட்டிய பிரஷை எடுத்த மறுகணம் இந்த ஏணி முழுவதும் ஒவ்வொரு படியாக இறங்கிவிடும். யோ லா டெங்கோவில் டிரம்ஸ் வாசிப்பவரே பாடவும் செய்கிறார், அதுவும் பேச்சுக்குச் சற்று மேலே நிற்கும் குரலில். அந்தக் குரலுக்கு இடம் கொடுக்க வேண்டுமானால் முதலில் இறங்க வேண்டியவர் அவரே. பதிவில் சில பாட்டுகளுக்கு டிரம் மெஷினை வைத்துக்கொண்டதும் இதன் தொடர்ச்சி என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு நிகழ்ச்சியில் இடது ஓரமாக, அவருடைய ஸ்னேர் டிரம் கண்ணுக்குத் தெரியும் இடம் கிடைத்தது. பாட்டைக் காதால் கேட்டேன் என்பதைவிடக் கண்ணால் பார்த்தேன் என்பதே சரி. ஒரு கையின் பிரஷ் தோலை விட்டு எழும்பாமல் வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. மற்றக் கை அந்த வட்டம் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது மட்டும் லேசாகத் தட்டியது. தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும். முகம் மைக் பக்கம் திரும்பியிருக்க, கைகள் வேறு யாருடையவையோ போலத் தம் வேலையைப் பார்த்தன. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வேகமாக அடிப்பதில் பாதிப் பிழை சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மெதுவான தாளத்தில் இரண்டு அடிகளுக்கு நடுவே காலியிடம் அதிகம். கை அவசரப்பட்டால் அறைக்கே தெரிந்துவிடும். களைத்துப்போனவர்கள் தேர்ந்தெடுக்கும் வழி அல்ல இது.

2000 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பதினேழு நிமிடங்களுக்கு மேல் ஓடும். குரல் முன்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் டிரம்ஸைக் கவனித்துக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

காதுக்குள் வண்டு:

என் காரணம் மருத்துவக் காரணம். பல ஆண்டுகள் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றதன் சம்பளம், இரு காதிலும் ஓயாத ரீங்காரம். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். ஒரு ராக் நிகழ்ச்சி அந்தக் கணக்கை இரண்டாவது பாட்டு முடிவதற்குள் தின்றுவிடும்.

2013 ஆல்பத்தின் சுற்றுப்பயணத்தில் இவர்கள் நிகழ்ச்சியை இரண்டாக வெட்டினார்கள்: முதல் பாதி மெல்லியது, இடைவேளைக்குப் பிறகு உரத்தது. காதடைப்பான் இல்லாமல் ஒரு குழுவை நேரில் கேட்கும் பாக்கியம் எனக்கு அந்த முதல் பாதியில்தான் திரும்பக் கிடைத்தது. காதடைப்பான் வழியாகக் கேட்டால் தாளத்தட்டுகளின் மினுமினுப்பு முதலில் போய்விடும். அன்று அது அப்படியே இருந்தது. இடைவேளையில் காதை அடைத்துக்கொண்டேன், இரண்டாம் பாதியும் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் வந்தவள்:

அண்ணன்மார்களே, நான் வந்த வழி உங்களுக்கு நேர் எதிர். 2018 ஆல்பம்தான் எனக்கு அறிமுகம். மெக்நியூவே பதிவுசெய்தது, அங்கங்கே மிதந்துகொண்டிருக்கும் இசை. பிறகு 2020-இல், ஊரே அடைபட்டிருந்தபோது, தங்கள் ஒத்திகை அறையின் நடுவில் ஒற்றை மைக்கை வைத்து, வார்த்தையே இல்லாத ஐந்து துண்டுகளை வெளியிட்டார்கள். நான் அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். இவர்கள் பிறவியிலேயே சாதுக்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு 2023 ஆல்பத்தின் முதல் பாட்டு முகத்தில் தண்ணீர் அடித்தது போல இருந்தது. அந்த ஆண்டு நேரில் பார்க்கப் போனேன். கேப்ளன் கிட்டாரைக் கழற்றி ஆம்ப்ளிஃபயரிடம் நீட்டியபோது, முன்வரிசையில் நரைத்த தலைகள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன. எனக்கு மட்டும்தான் அதிர்ச்சி. என்னைப் பொறுத்தவரை இந்தக் குழு வயதாக ஆகச் சத்தம் போடத் தொடங்கிய குழு.

பின்வரிசைக்காரன்:

மேலே எழுதியவர் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1990-இலேயே பிறர் பாட்டுகளைப் பெரும்பாலும் அகூஸ்டிக் கிட்டாரில் பாடி ஓர் ஆல்பம் போட்டவர்கள் இவர்கள். 1993 ஆல்பத்தில் ஒரே பாட்டு இரண்டு முறை வரும்: தொடக்கத்தில் ஆர்கனோடு ஊர்ந்துபோகும், பின்னால் கிட்டார் இரைச்சலில் முழுகி எழும். 1997-இன் மிகப் புகழ்பெற்ற பாட்டை ஆர்கனும் பேஸும் தாளமும்தான் தூக்கிச் செல்கின்றன. இரண்டு சரக்கும் எப்போதும் கையிருப்பில் இருந்தன. 2000-இல் அளவுதான் மாறியது.

2007 வாக்கில் வேறொரு சுற்று நடத்தினார்கள், பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம். பதில் சொல்லிவிட்டு, பேச்சு எந்தப் பாட்டுக்கு இழுத்துச் சென்றதோ அதை எளிய கருவிகளில் வாசிப்பார்கள். நான் போன இரவில் கேள்விகள் பாதி அசட்டுக் கேள்விகள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அவர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தலையசைப்பிலேயே அடுத்ததைத் தீர்மானித்ததைப் பார்க்கவே போன காசு தகும். இரைச்சலே துணை, அந்தச் சுற்றுக்கு நீங்கள் வந்திருந்தால் முணுமுணுத்திருப்பீர்கள்.

இரைச்சலே துணை:

முணுமுணுத்தால் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டிருக்குமே, அதுதான் சங்கடம். இரண்டு பாதி நிகழ்ச்சி மறுபடி வந்தால் நானும் காதுக்குள் வண்டும் சேர்ந்து ஒரே டிக்கெட் எடுக்கிறோம். இடைவேளையில் அவர் வெளியே வரட்டும், நான் உள்ளே போகிறேன். ஹப்லியின் மணிக்கட்டை அவர் எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வரட்டும்.