தூவி எழும்பும்வரை: ‘லாஃப்ட்’டுக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்து இறங்கும் நம்மவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வாத்துத் தூவி (இறகுக்கு அடியில் இருக்கும் மென்மயிர்) அடைத்த குளிர்கோட்டை வீட்டிலேயே துவைப்பது எப்படி என்பதுதான் விஷயம். கோட் எப்படியோ கிடைத்துவிடுகிறது. குளிர் முடியும் ஏப்ரலில் அதை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. மற்ற வரிகளெல்லாம் சிக்கலில்லாமல் தமிழில் வந்துவிட்டன. ஒரு வரிதான் இடிக்கிறது: ‘லாஃப்ட்’ (loft, தூவியின் விரிந்த பருமன்) திரும்பும்வரை உலர்த்தவும்.

அந்தச் சொல்லை விட்டுவிட்டு “நன்றாகக் காயும்வரை” என்று எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். காய்ந்ததா என்று பார்க்க நாம் தொட்டுத்தான் பார்ப்போம். கோட்டின் மேல்துணி நைலான். ட்ரையரின் முதல் சுற்றிலேயே காய்ந்துவிடும். உள்ளே தூவி ஈரத்தில் ஒட்டி, தையல் கட்டங்களின் மூலையில் கொட்டைப்பாக்கு அளவுக்குத் திரண்டு கிடக்கும். வெளிர்நிறக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தத் திரளைகள் இருட்டாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் வெறும் துணியாக வெளிச்சம் விடும். அப்படியே அலமாரியில் மாட்டினால் சில நாளில் முடைநாற்றம் கிளம்பும். ஆகவே, தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கண்ணால் பாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எதைப் பார்ப்பது? அதற்குத்தான் பெயர் தேடுகிறேன்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். இறகுக்கு நடுவில் தண்டு உண்டு, தட்டையாக இருக்கும். தூவிக்கு அந்தத் தண்டு கிடையாது. ஒரு மையத்திலிருந்து நாலா பக்கமும் மெல்லிய இழைகள் கிளம்பும். இழைகள் விலகி நிற்கும்போது இடையில் காற்று அகப்பட்டுக்கொள்கிறது. குளிரைத் தடுப்பது அந்தக் காற்று. தூவியின் வேலை அதைப் பிடித்து வைப்பது. தூவி விரிந்து நின்று கோட்டுக்குக் கொடுக்கும் பருமனைத்தான் ‘லாஃப்ட்’ என்கிறார்கள். நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று போய்விடும், கோட் சப்பையாகிவிடும்.

ஒலிபெயர்த்து ‘லாஃப்ட்’ என்றே விடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். தமிழ்நாட்டு அடுக்ககங்களில் லாஃப்ட் என்றால் பரண். பழைய அண்டாவும் ஓடாத மின்விசிறியும் குடியிருக்கும் இடம். ‘ஜாக்கெட்’ என்ற சொல்லையும் இதே சங்கடத்தால்தான் விட்டேன். இங்கே எல்லோர் வாயிலும் அதுதான் வருகிறது. ஆனால் மதுரையில் அது ரவிக்கை.

இதுவரை வந்த பரிந்துரைகள்:

> உப்பல்

நல்ல சொல். பூரிக்கும் அப்பளத்துக்கும் பழகியது. ஆனால் இதே குறிப்பில் இன்னொரு உப்பு இருக்கிறதே! ரொறன்ரோவில் பனிக்காலம் முழுக்கத் தெருவில் உப்புக் கொட்டுவார்கள். காரிலிருந்து இறங்கும்போது கதவில் உரசி, கோட்டின் கீழ்விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து அதைத் துடைத்துவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். ஒரு வரியில் “உப்பை நீக்கவும்”, அடுத்த வரியில் “உப்பும்வரை உலர்த்தவும்”. துவைக்கிறவர் பாவம்.

> எழுச்சி

கோட் கொடி பிடித்துக் கிளம்பிவிடும்.

> புடைப்பு

அடிபட்டு வீங்கிய இடம்தான் நினைவுக்கு வருகிறது. தவிர, புடைப்புச் சிற்பக்காரர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

> புசுபுசுப்பு

எனக்கு மனதுக்குப் பிடித்தது இதுதான். எந்த ஊர்க்காரருக்கும் விளக்கம் தேவையில்லை. தடை ஒன்றே ஒன்று. கோட்டின் சீட்டில் 600, 700, 800 என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். ஓர் அவுன்ஸ் தூவியை, அதாவது சுமார் 28 கிராமை, ஓர் உருளைக்குள் இட்டு, மேலே எடை குறைந்த ஒரு தட்டை அமர்த்தினால் எத்தனை கன அங்குல இடத்தை அடைக்கிறது என்ற கணக்கு அது. எண் கூடக்கூட, அதே கதகதப்புக்குக் குறைந்த தூவி போதும், கோட்டும் இலேசாக இருக்கும். இதற்கும் ஒரு சொல் வேண்டுமே. “புசுபுசுப்புத் திறன் 700” என்று அச்சிட எனக்குத் துணிச்சல் இல்லை.

என் பரிந்துரை ‘எழும்பல்’. அமுங்கிக் கிடந்தது தானாக மேலே வருவதை எழும்புதல் என்றுதான் சொல்கிறோம். பாண் (ரொட்டி) மாவும் எழும்புகிறது. எண்ணுக்கு ‘எழும்புதிறன்’. வினையாகவும் நன்றாக வளைகிறது: தூவி எழும்பியதா, இன்னும் எழும்பவில்லையா, அமுக்கி விட்டால் திரும்ப எழும்புகிறதா. எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது, ‘அமுங்கல்’. கோடைக்கு இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கோட்டைக் காற்று உறிஞ்சும் பைக்குள் போட்டு அப்பளமாக்கி வைப்பவர்களுக்கு அந்தச் சொல் தேவைப்படும். மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்தால் தூவி எழும்புவது குறைந்துவிடும். தளர்வாகத் தொங்கவிடுவதே நல்லது.

‘தூவி’யை நான் புதிதாகப் படைக்கவில்லை. நெடுநல்வாடையில் அரசியின் படுக்கையில் அன்னத்தின் தூவி பரப்பியிருக்கிறது. அதுவும் வாடைக்காலத்துப் பாட்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு அருகில் வயதான சொல்லை விட்டுவிட்டு ‘இறகுக் கோட்’ என்று எழுத மனம் வரவில்லை, பொருளும் பிசகும்.

* * *

மறுமொழி, கோவையிலிருந்து:

அண்ணா, எழும்பல் சரி. என் வோட்டு அதற்கே. இடிப்பது தூவிதான். “கொத்தமல்லி தூவி இறக்கவும்” என்று படித்துப் பழகிய கண் இது. “தூவி எழும்பும்வரை உலர்த்தவும்” என்றால், எதைத் தூவ வேண்டும், சோப்புத்தூளையா என்றுதான் முதலில் தோன்றும். நெடுநல்வாடை படித்தவர்கள் மட்டுமா கோட் துவைக்கப் போகிறார்கள்?

அப்புறம் ஒரு சொந்தக் கேள்வி. தம்பி கனடாவிலிருந்து வந்தபோது விட்டுப்போன கோட் ஒன்று எங்கள் பீரோவில் இருக்கிறது. வீட்டில் ட்ரையர் கிடையாது. மொட்டைமாடிக் கொடியில் போட்டால் எழும்பாதா?

* * *

மறுமொழி, ரொறன்ரோவிலிருந்து:

தங்கச்சி சொல்வது நியாயம். ‘தூவி’ தனியாக வராமல் பார்த்துக்கொள்கிறேன். குறிப்பு முழுக்க ‘வாத்துத்தூவி’ என்று சேர்த்தே எழுதுகிறேன்; வினையெச்சம் என்று யாரும் மயங்க மாட்டார்கள். எழும்பல், எழும்புதிறன் இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

கொடியில் மட்டும் போடாதீர்கள். தூவி தண்ணீர் குடித்திருக்கும்போது கோட் கல்லாய்க் கனக்கும். தோளைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் போய்த் தேங்கும், தையலும் பிய்யலாம். தூக்கும்போதும் அடியில் இரண்டு கையும் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் இருந்தால் உங்களுக்கு அதுதான் ட்ரையர்: கீழிருந்தும் காற்று வரும். நிழலில் பரப்புங்கள், நேர் வெயிலில் நைலான் வெளுக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, திரண்டிருக்கும் இடங்களை விரல் நுனியால் மெல்லப் பிரித்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் பிடிக்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆடி மாதம் இதற்குத் தோது. மழை பார்த்துச் செய்யுங்கள்.

திருத்திய வரிகள் இவை. பிழை கண்டால் சொல்லவும்:

“ஜிப், பட்டன் எல்லாவற்றையும் பூட்டவும். தொப்பியில் ரோமப் பட்டை இருந்தால் கழற்றிவிடவும். முன்பக்கம் கதவுள்ள மெஷினில் மட்டும் போடவும். நடுவில் தண்டு சுழலும் மெஷின் கோட்டை முறுக்கித் தையலைக் கிழிக்கும். கடுமையான சோப்புத்தூள் வாத்துத்தூவியின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும். மென்மையான திரவ சோப்பைக் கொஞ்சமாக விட்டு, நுரை போகும்வரை இரண்டு முறை அலசவும். துணி மிருதுவாக்கி வேண்டாம். வாத்துத்தூவியின்மேல் படிந்து எழும்பவிடாது.

ட்ரையரில் மிகக் குறைந்த சூடு. கோட்டின் சீட்டில் சதுரத்துக்குள் வட்டமும் அதில் ஒரு புள்ளியும் இருந்தால் அதன் பொருள் இதுவே. சூடு கூடினால் நைலான் உருகிச் சுருங்கும். சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்று கூடப் போடவும். அவை அடித்துத் திரளைகளைக் கலைக்கும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எடுத்து உதறி, கட்டங்களைப் பார்க்கவும். எல்லாக் கட்டமும் ஒரே சீராக எழும்பி, அமுக்கிவிட்டால் திரும்ப எழும்பினால்தான் காய்ந்தது.”

பந்து உருளும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும், இரவில் வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

குறிப்பின் மறுபக்கத்தில் கம்பளிக் கோட் வருகிறது. சூடும் ஈரமும் அலைப்பும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றில் ஒன்று கொளுவிக்கொள்ளும். அப்பாவின் கோட் பிள்ளைக்கு அளவாகிவிடும். ‘சுருக்கம்’ என்று எழுதினால் பருத்திச் சட்டை சுருங்குவதைப் போல எண்ணி இழுத்துப் பார்ப்பார்கள். இப்போதைக்கு ‘இறுகல்’ என்று போட்டிருக்கிறேன். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று அச்சுக்குப் போகிறது.